ஆங்கிலம் எடுத்தாயிற்று, அடுத்து எதை எடுப்பது?

கேரள எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பி.ஏ. ஆங்கிலப் படிப்பு பற்றி வந்த மூன்று கடிதங்களுக்கு, கல்லூரியில் நெடுங்காலம் ஆலோசக ஆசிரியராக இருந்த ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு, எனக்குக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் டூவில் ஹியூமானிட்டீஸ். காலிகட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அரசுக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கிலம் அலாட்மென்ட் கிடைத்துச் சேர்ந்துவிட்டேன். அப்பா தேங்காய் உரிக்கிற வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். மைனர் இரண்டு, எம்.டி.சி. ஒன்று, அடிஷனல் லாங்குவேஜ் ஒன்று என்று இந்த வாரமே தேர்ந்தெடுத்து எழுதித் தரச் சொல்கிறார்கள். எதை எடுக்க வேண்டும் என்றே தெரியவில்லை. கிளாஸில் ஆங்கிலப் பாடத்தை மலையாளத்தில் விளக்குகிறார்கள், பாதிதான் பிடிபடுகிறது. பி.காம். எடுத்திருந்தால் பேங்க் வேலைக்காவது போகலாமே என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். பொள்ளாச்சிக்கு வந்துவிடு, அங்கே எல்லாம் தமிழில் புரியும் என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. 3 வருஷம் படிப்பதா, 4 வருஷமா? என்னால் இது முடியுமா, டீச்சர்?

பதில்: முடியுமா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், கண்ணு. உன் கையில் இருக்கும் அந்த விருப்பத் தாளை முதலில் பார்க்கலாம். அவசரம் அதில்தான் இருக்கிறது.

கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு முறை 2024 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு ஆங்கிலம் சேர்ந்த பிள்ளைக்குக் கூடப் படிக்கும் துணைப் பாடம் எது என்பதைப் பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்துவிடும். சேர்ந்தால் போதும், படிப்பு தானாக நகரும். இப்போது அந்த முடிவில் ஒரு பங்கு மாணவியின் கைக்கு வந்துவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் வீட்டில் கேட்க ஆள் இருக்கிற பிள்ளைக்குத்தான் இந்தச் சுதந்திரம் உடனே பயன்படுகிறது. அண்ணனோ அத்தையோ ஏற்கெனவே கல்லூரி போனவர்களாக இருந்தால், எந்த மைனர் எதற்கு உதவும் என்று சாப்பாட்டு நேரத்திலேயே பேசி முடித்திருப்பார்கள். உனக்கு அந்தப் பேச்சை நடத்த வேண்டியது உன் துறையில் உனக்கென்று நியமித்திருக்கும் ஆலோசக ஆசிரியர். அவர் யார் என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்.

கணக்கைச் சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள். 3 வருஷத்தோடு பட்டம் வாங்க மொத்தம் 133 கிரெடிட். அதில் மேஜர், அதாவது ஆங்கில இலக்கியம், 17 தாள்; தாளுக்கு 4 வீதம் 68. மைனர், அதாவது துணைப் பாடம், 6 தாள், 24. மீதியில் 13 தாள்கள் பொது அடித்தளம் எனப்படும் வகை. தாளுக்கு 3 வீதம் 39. ஏ.இ.சி. (மொழித் திறன்), எம்.டி.சி. (பல துறைப் பாடம்), வி.ஏ.சி. (மதிப்புக் கூட்டும் பாடம்), எஸ்.இ.சி. (செயல்திறன் பாடம்) என்று எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்களே, அவையெல்லாம் இதற்குள் வரும். இன்டர்ன்ஷிப்புக்கு 2. கூட்டிப் பார், 133 சரியாக வரும். நான்காம் வருஷமும் படித்தால் இன்னும் 44 சேர்ந்து 177.

இனி முதல் செமஸ்டரை மட்டும் தனியாக எடுத்துப் பார். மேஜர் ஒன்று, மைனர் இரண்டு, ஆங்கிலமும் அடிஷனல் லாங்குவேஜுமாக ஏ.இ.சி. இரண்டு, எம்.டி.சி. ஒன்று. மொத்தம் 21 கிரெடிட்டில் உன் மேஜருக்கு உள்ளது வெறும் 4. ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளைகள் முதல் மாதத்தில் திகைத்துப் போவது இங்கேதான். தப்பான கோர்ஸில் சேர்ந்துவிட்டோமோ என்று சிலர் அழுதுகொண்டு வருவார்கள். தப்பில்லை, அமைப்பே அப்படி. ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் வரும்போது மேஜர்தான் பெரும்பகுதியாக இருக்கும். ஆனால் ஒன்று: இந்த 21 கிரெடிட்டும் உன் சி.ஜி.பி.ஏ.வில் ஏறும். மேஜர் இல்லையே என்று எம்.டி.சி. தாளை அலட்சியமாக எழுதினால் பிறகு எந்த மேஜர் தாளாலும் அதை முழுதாக ஈடுகட்ட முடியாது.

அடுத்து நான் சொல்வதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மைனர் ஆறு தாளும் முதல் மூன்று செமஸ்டரிலேயே முடிந்துவிடும், செமஸ்டருக்கு இரண்டு வீதம். அதாவது பல்கலைக்கழகத்தைப் பற்றி உனக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும் இந்த வாரத்தில்தான், பட்டத்தின் முகத்தைத் தீர்மானிக்கும் 24 கிரெடிட்டை நீ எழுதிக் கொடுக்கிறாய். நான் பார்த்தவரை, தோழி என்ன எழுதினாளோ அதையே எழுதுகிறவர்கள்தான் அதிகம். நீ அப்படிச் செய்யாதே.

மைனரை இரண்டு விதமாக எடுக்கலாம். 24 கிரெடிட்டும் ஒரே பாடத்தில் என்றால் உன் பட்டம் ஆங்கிலம் மேஜர், அந்தப் பாடம் மைனர் என்று நிற்கும். இரண்டு பாடத்தில் 12, 12 என்று பிரித்தால் பல துறை சேர்ந்த மேஜர் என்று ஆகும். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற பேச்சே இல்லை. உனக்கு என்னுடைய யோசனை, பிரித்து எடு என்பதே. அதற்குக் காரணம் உன் அம்மா.

அம்மா சொல்வதைத் தட்டிவிடாதே. பேங்க் வேலை என்பது கைக்கு எட்டும் கனவு. அவரிடம் அது இருக்கட்டும். இந்த முறையில் இரண்டாம் செமஸ்டர் முடிந்ததும் மேஜரை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு. இடம் இருக்க வேண்டும், குறைந்த பேருக்குத்தான் கிடைக்கும். முக்கியமாக, முதல் வருஷம் நீ மைனராகவோ எம்.டி.சி.யாகவோ படித்த துறைக்குத்தான் மாற முடியும். ஆக, இன்று நீ எழுதும் மைனர் நாளைக்கு நீ வெளியேற வேண்டி வந்தால் திறக்கும் கதவு. காமர்ஸ் பக்கம் மனம் உண்மையிலேயே கொஞ்சம் சாய்கிறது என்றால், உன் கல்லூரி டைம்டேபிள் இடம் கொடுத்தால், மைனரில் ஒன்று காமர்ஸாக இருக்கட்டும். மனம் சாயவில்லை, அம்மாவுக்காகத்தான் என்றால் வேண்டாம். பேங்க் கிளார்க், ஆபீசர் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும், பி.ஏ. ஆங்கிலமும் அதில் அடக்கம். இதை அம்மாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்.

இன்னொரு மைனர் தமிழாக இருக்கட்டும் என்பேன். சித்தூர் அரசுக் கல்லூரி போலத் தமிழ்த் துறை உள்ள கல்லூரி என்றால் இது கைகூடும். 1947-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி இந்த வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கொடை. ஆங்கிலம் படிக்கிறவளுக்குத் தமிழ் எதற்கு என்று கேட்பார்கள். இன்று ஆங்கிலத் துறைகளில் மொழிபெயர்ப்புக்கு நல்ல இடம் இருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலத்தில் 2000-ல் வந்த பிறகு இந்தியா முழுவதும் ஆங்கில வகுப்புகளில் பாடமாயிற்று. மலையாளத்தின் ‘செம்மீன்’ தமிழுக்கு வந்தது சுந்தர ராமசாமியின் கையால். இந்த வேலைக்குத் தேவையான மூன்று மொழியில் இரண்டு, எந்தச் செலவும் இல்லாமல், உன் ஊர் பஸ்ஸிலேயே உனக்குக் கிடைத்திருக்கின்றன. திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு இது எளிதில் அமையாது. அதை விட்டுவிட்டு, எல்லோரும் எடுக்கிறார்கள் என்று எதையோ எடுத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தமிழ் மைனர் கிடைக்காத கல்லூரி என்றால் வரலாறு எடு. நாடகம், நாவல், காலனி ஆட்சி என்று மேஜரில் வரப்போகும் அத்தனைக்கும் வரலாறு தெரிந்த பிள்ளை ஒரு படி முன்னால் நிற்பாள்.

அடிஷனல் லாங்குவேஜில் தமிழ் இருந்தால் யோசிக்காமல் தமிழ். மலையாளத்தில் தேர்வு எழுதிப் பார்க்கலாம் என்ற துணிச்சலை மார்க் விஷயத்தில் காட்டாதே. ஆனால் மலையாள எழுத்தை நீயாகக் கற்றுக்கொள். பேச்சு உனக்குப் பாதி வந்துவிட்டது. எழுத்துக் கூட்டத் தெரிந்து தினமும் பேப்பரில் ஒரு செய்தி படித்தால் ஒரு செமஸ்டருக்குள் கை வந்துவிடும். நாளைக்குக் கேரள அரசு வேலைக்குப் போனால் மொழிச் சிறுபான்மையினர் மலையாளத் தேர்வு ஒன்று எழுதித் தேற வேண்டியிருக்கும். அப்போது இது உதவும்.

எம்.டி.சி.க்கு நீண்ட யோசனை தேவையில்லை. பிளஸ் டூவில் படித்ததையே திரும்ப எடுக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. வழிகாட்டுதல். உனக்குப் புதியதாகவும் ஆசிரியர் நன்றாக நடத்துவார் என்று சீனியர்கள் சொல்வதாகவும் இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள்.

சரி, ஆலோசக ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் மாணவர் இரண்டாம் வருஷக் கடைசியில்தான் மேஜரை அறிவிப்பார். ஒவ்வொரு செமஸ்டரும் பாடம் பதிவு செய்வதற்கு முன்பு ஆலோசகரை உட்கார்ந்து பார்ப்பது அங்கே பல இடங்களில் வழக்கம். நம்முடைய புது முறை அந்த ஏற்பாட்டிலிருந்து நிறைய வாங்கியிருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் கையெழுத்துக்காக மட்டும் வாசலில் நிற்கிறார்கள். ‘மைனருக்கு எதை எடுக்கறது, மிஸ்?’ என்று வெறுங்கையோடு வந்து கேட்டால், வரிசையில் பின்னால் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே எந்த ஆசிரியரும் பொதுவாக ஒரு பதில்தான் சொல்ல முடியும். ‘மிஸ், தமிழும் ஹிஸ்டரியும் எடுக்கலாம்னு இருக்கேன். பி.எட். போகணும்னு ஆசை. ரெண்டும் ஒரே நேரத்துல கிளாஸ் வருதா?’ என்று கேள். அந்த நிமிஷமே அவர் டைம்டேபிளைக் கையில் எடுப்பார். பிளஸ் டூ மார்க் ஷீட், கல்லூரி கொடுத்த பாடப் பட்டியல், நீ போட்டு வைத்திருக்கும் கிரெடிட் கணக்கு, இந்த மூன்றையும் கொண்டு போ. மலையாளத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் ஆங்கிலமும் தமிழும் கலந்தே பேசு. பாலக்காட்டுக் கல்லூரிகளில் தமிழ் புரியாத ஆசிரியர் அபூர்வம்.

கூடவே ஒரு சின்ன காரியம். உன் கிரெடிட்டுகள் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற கணக்கில் ஏறும். அதில் உள்ள பெயரும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துப் பெயரும் ஆதார் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் அப்பா பெயரின் முதலெழுத்தை ஒரு தாளில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வேறொன்றில் விரித்தும் எழுதி வைத்திருப்பார்கள். இப்போதே சரிபார்த்துவிடு. இறுதியாண்டில் இதற்காகத் தாலுக்கா ஆபீஸுக்கு அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வகுப்பு. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை நான் விரும்பி வாங்கிப் பார்ப்பேன். அச்சில் ஆங்கிலக் கவிதை. பக்கத்து ஓரத்தில் பென்சிலால், தமிழ் எழுத்தில், மலையாள விளக்கம்: ‘அயாள் ஒற்றய்க்காணு’, ‘மரணத்தினெப் பேடியில்ல’. ஆசிரியர் சொல்வதைக் காதால் வாங்கித் தனக்குத் தெரிந்த எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறாள். வகுப்பில் அவளைவிடக் கடினமாக உழைப்பவர் யாரும் இல்லை. ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் அந்தக் குறிப்புகள் கைகொடுப்பதில்லை. மலையாளக் குறிப்பிலிருந்து ஆங்கில விடை எழுத வராது. அதனால் கைடு வாங்கி மனப்பாடம் செய்கிறாள். முழுக் கேள்வியும் வேறு பக்கம் திரும்பி நிற்க, மனப்பாடம் செய்த பத்தி மட்டும் நேராக ஓடும் விடைத்தாள்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. திருத்துகிறவருக்கு முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். வகுப்பு முடிந்த அன்று சாயங்காலமே, ஓரத்தில் எழுதிய அந்த விளக்கத்தை ஐந்து சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றி நோட்டில் எழுது. இலக்கணப் பிழை இருக்கட்டும். அவன் தனியாக இருக்கிறான், சாவுக்குப் பயப்படவில்லை, இந்த அளவுக்கு எளிமையாக இருந்தால் போதும். அதற்குக் கீழே அந்தக் கவிதையின் எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று வரி எண்ணைக் குறி. வாரத்துக்கு ஒரு தடவை அந்த நோட்டை ஆசிரியரிடம் காட்டு. 4 கிரெடிட் தாளில் 100-க்கு 30 மார்க் இன்டர்னல். அந்த நோட்டு இன்டர்னலுக்கும் உதவும், 70 மார்க் எழுத்துத் தேர்வுக்கும் அதுவே உன் சொந்தக் கைடு. அதோடு தினமும் நாலு பக்கம் ஆங்கிலம் சத்தம் போட்டுப் படி, பாடம் அல்லாத கதைப் புத்தகம். அர்த்தம் தெரியாத சொல்லுக்கெல்லாம் நிற்காதே. ஒரே சொல் மூன்றாம் தடவை வந்தால் மட்டும் அகராதியைத் திற.

பாலக்காடு விக்டோரியா கல்லூரியின் தொடக்கம் 1866. அங்கே படித்த ஓ.வி. விஜயன் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் எம்.ஏ. முடித்தார், பாலக்காட்டு தஸ்ராக் கிராமத்தை வைத்துத் தான் எழுதிய மலையாள நாவலைப் பிற்பாடு தானே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அதே விக்டோரியாவில் எம்.டி. வாசுதேவன் நாயர் படித்தது கெமிஸ்ட்ரி. எழுத்தும் இலக்கியமும் எந்தத் துறை வழியாகவும் வரும். உன் ஊரின் மொழிக் கலவையிலிருந்து பெரிய எழுத்து எழும் என்பதற்கு அந்த மண் சாட்சி. நீ முடியுமா என்று கேட்டாயே, அதற்கு இதுதான் என் பதில். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இந்தப் பட்டத்தை வாங்கி, பி.எட். முடித்து, ஆங்கில டீச்சராக அதே எல்லையோரப் பள்ளிகளுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். முதல் வருஷம் கஷ்டமாகத்தான் இருக்கும். இரண்டாம் வருஷம் அவ்வளவு இருக்காது.

3 வருஷமா 4 வருஷமா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டாம், அதற்கு நேரம் இருக்கிறது. கீழே வண்டிப்பெரியாற்று அண்ணனுக்கு எழுதியிருப்பதைப் படித்து வைத்துக்கொள். பொள்ளாச்சி பற்றி மறையூர்க்காரருக்கு எழுதியிருக்கிறேன். சேர்ந்தபின் மாறுவதற்கு அதில் உள்ள காரணங்கள் உனக்குப் போதுமானவை என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: வணக்கம் மேடம். வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் ஃபீல்ட் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. தங்கச்சி எம்.ஜி. பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கிலம், நாலாவது செமஸ்டர். இதுவரை 70 சதவீதத்தை ஒட்டி வாங்கியிருக்கிறாள். நாலாம் வருஷமும் படித்தால் ஹானர்ஸ் கிடைக்கும், ரிசர்ச் பண்ணலாம் என்கிறாள். எனக்கு இன்னொரு வருஷம் ஹாஸ்டல் பணம் கட்ட முடியுமா என்று பயம். அவளுக்கு டீச்சர் ஆக ஆசை. எது நல்லது?

பதில்: தம்பி, தங்கச்சியை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததற்கே உங்களை வணங்க வேண்டும். பயப்படும் விஷயத்தைப் பணக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

ஹைஸ்கூல் ஆங்கில ஆசிரியர் ஆவதுதான் இலக்கு என்றால் அதற்கு நான்காம் வருஷம் கட்டாயமில்லை. ஆங்கிலப் பட்டம், ஆங்கிலத்தில் பி.எட்., அதோடு கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வின் மூன்றாம் பிரிவில் தேர்ச்சி. பி.எட். சேர்வதற்குப் பொதுப் பிரிவில் பட்டத்தில் 50 சதவீதம் வேண்டும். உங்கள் தங்கச்சி அதைத் தாண்டி நிற்கிறாள். 3 வருஷப் பட்டமும் 2 வருஷ பி.எட்.டும் சேர்ந்து 5 வருஷம். ஹையர் செகண்டரி டீச்சர் ஆக வேண்டுமென்றால் எம்.ஏ.வும் பி.எட்.டும் செட் தேர்வும் வேண்டும். எம்.ஏ. விஷயத்தில் 3 வருஷத்தில் வெளியே வந்தால் எம்.ஏ. 2 வருஷம்; 4 வருஷம் படித்தால் 1 வருஷ எம்.ஏ. போதும் என்று புதிய முறை சொல்கிறது. எப்படிக் கூட்டினாலும் 5 வருஷம்தான். அதனால் நான்காம் வருஷம் வீண் செலவு என்றும் சொல்ல மாட்டேன். எம்.ஏ. வரை போவது உறுதியா இல்லையா, கேள்வி அதுதான். உறுதியில்லை என்றால் 3 வருஷத்தில் பட்டத்தை வாங்கிக்கொண்டு பி.எட். போகச் சொல்லுங்கள். எம்.ஏ.வை வேலை பார்த்துக்கொண்டேகூடப் பிற்பாடு படிக்கலாம்.

ரிசர்ச் என்பது தனி. நான்காம் வருஷத்தில் இரண்டு வகை உண்டு: ஹானர்ஸ், ரிசர்ச்சோடு சேர்ந்த ஹானர்ஸ். இரண்டாவதற்கு முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி, நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் வாங்கினவர் எம்.ஏ. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க முடியும். தங்கச்சி 70-ல் இருக்கிறாள் என்றால் மிச்சமுள்ள செமஸ்டர்களில் 80-ஐ ஒட்டி வாங்கினால்தான் மொத்தம் 75-ஐத் தொடும். முடியாதது இல்லை. கடைசி இரண்டு செமஸ்டரிலும் மேஜர் தாள்கள்தான் மிகுதி, அவளுக்குப் பிடித்த பாடம். ஆனால் அவளே உட்கார்ந்து செமஸ்டர் வாரியாகக் கணக்குப் போட்டு உங்களிடம் காட்டட்டும். ஆசைக்கும் கணக்குக்கும் உள்ள தூரம் அப்போது அவளுக்கே தெரியும். எல்லாக் கல்லூரியிலும் நான்காம் வருஷம் இருக்காது, ரிசர்ச் வழிகாட்டி இருக்க மாட்டார். துறைத் தலைவரைப் பார்த்துக் கேட்டுவிடச் சொல்லுங்கள். இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை வாங்குகிறாள் என்றால், நான்காம் வருஷத்துக்கும் அது தொடருமா என்பதைக் கல்லூரி ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பி ஹாஸ்டல் பணம் கட்டாதீர்கள்.

அவள் நான்காம் வருஷம் போவதாக முடிவானால், அல்லது அதற்கு முன்பே ப்ராஜெக்ட் வந்தால், ஒரு யோசனை. ப்ராஜெக்ட் என்றதும் ஷேக்ஸ்பியரில் பெண்கள், டோனி மாரிசனில் அடையாளம் என்று ஏற்கெனவே நூறு பேர் எழுதினதையே பிள்ளைகள் தேடிப் போகிறார்கள். உங்கள் தங்கச்சி வளர்ந்தது தேயிலைக் காட்டில். அதைப் பற்றி ஆங்கிலத்தில் நாவலே இருக்கிறது. ஆனைமலை எஸ்டேட்டுகளில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், வால்பாறைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையை ‘ரெட் டீ’ என்று 1969-ல் ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதைத் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று தந்தார். பாலாவின் ‘பரதேசி’ படம் 2013-ல் வந்தது அந்தக் கதையிலிருந்துதான். முல்க் ராஜ் ஆனந்த் அசாம் தேயிலைத் தோட்டத்தை வைத்து 1937-லேயே ஆங்கிலத்தில் நாவல் எழுதியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து, தமிழ் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டு, கங்காணியும் துரையும் லயமும் ஒவ்வொன்றிலும் எப்படி வருகிறார்கள் என்று அவள் எழுதினால், அந்த ப்ராஜெக்டை அவளைப் போல எழுத அந்த வகுப்பில் வேறு ஆள் இருக்க முடியாது. வயதான தோட்டத் தொழிலாளர்களிடம், உங்கள் அம்மாவிடமே, பேசிப் பதிவு செய்து பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். எந்த வழிகாட்டி ஆசிரியரும் இதை மறுக்க மாட்டார். இந்த யோசனையை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். அண்ணன் பார்க்கிற வேலை ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்குள் வருகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: மறையூரில் இருக்கிறோம். மகனை பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்குப் பொள்ளாச்சி அல்லது உடுமலைப் பக்கம் சேர்க்கலாமா? தமிழ்நாட்டுப் பட்டம் கேரளத்தில் செல்லுமா?

பதில்: செல்லும், அய்யா. யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் செல்லும். கேரள பி.எஸ்.சி. வேலைக்கோ இங்கே மேற்படிப்புக்கோ போகும்போது ஈக்குவலன்சி சான்றிதழ் கேட்டால், இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் விண்ணப்பித்து வாங்க வேண்டியிருக்கும். மார்க் ஷீட்டுகளையும் சிலபஸ் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

படிப்பின் அமைப்பு வேறு. தமிழ்நாட்டில் அது 3 வருஷப் பட்டம். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், பிறகு மேஜரும் அல்லைடு பாடங்களும். தேர்ந்தெடுக்கும் தலைவலி குறைவு, தமிழ் நிச்சயம் கிடைக்கும். தமிழ் மீடியப் பிள்ளைக்கு வகுப்பு மூச்சு முட்டாது. இவை உண்மையான நன்மைகள்.

ஆனால் காசு விஷயத்தில் கவனம் வேண்டும். கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டின் இடஒதுக்கீடும் கல்விச் சலுகையும் கிடைக்காது. வெளி மாநிலத்தவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கானது. உங்கள் மகன் மறையூரில் படித்திருந்தால் அதை எதிர்பார்க்க வேண்டாம். அதே நேரம் கேரளத்துக்குள்ளேயே மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் உங்களுக்கு இடம் உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். மூணாறு அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. 2018 ஆகஸ்ட் மண்சரிவில் கட்டடம் சேதமாகி அந்தப் பிள்ளைகள் பெரிய சிரமப்பட்டார்கள், இருந்தும் கல்லூரி நின்றுவிடவில்லை. அங்கே போய்த் தமிழ் ஆசிரியர்களிடம் பேசிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு எந்தக் கல்லூரி, எங்கே தமிழும் கூடவே கிடைக்கும், எங்கே ஹாஸ்டல் சௌகரியம் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அலாட்மென்டுக்கான ஆப்ஷன் கொடுக்கும் கடைசித் தேதிக்கு முன்பே போங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு.